சனிக்கிழமை வந்த மரப்பெட்டிகள்

புதுக்கோட்டைக்கு வெளியே வால்வு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. வந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்து, கம்ப்யூட்டரில் பதிவது வேலை. போன வருடம் மீட்டிங் அறைச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். எந்தச் சப்ளையர் சொன்ன நாளில் சரக்கு அனுப்புகிறார், யார் தாமதம் என்பதைப் புதிய சாஃப்ட்வேர் அதில் நிறமாகக் காட்டும். பச்சை நல்லது. சிவப்பு கெட்டது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

மூன்று மாதத்தில் ஒரு பெயர் சிவப்பிலேயே நின்றது. வால்வு அடுக்கும் மரப்பெட்டிகளைத் திருவரங்குளத்திலிருந்து அனுப்பும் ஒரு அம்மாவுடையது. சராசரியாக நாலு நாள் தாமதம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த மாசத்துலேருந்து வேற ஆள். நீங்களே நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துருங்க."

"போன்ல சொல்லிரலாமே சார்."

"பத்து வருசமா சப்ளை பண்றாங்க. நேர்ல சொல்றதுதான் மரியாதை."

மரியாதை செய்ய பைக்கில் போனேன். அந்த அம்மாவின் கணவர் குவைத்தில் இருக்கிறார். நாலு தச்சர்களை வைத்துப் பட்டறையை நடத்துவது இந்த அம்மாதான். டீ கொடுத்தார். குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"போன மாசமே உங்க பர்ச்சேஸ்ல லேட்டுன்னு சொன்னாங்க. வழியில எங்கிட்டாவது வண்டிய நிறுத்திப்புடுறாரு போலன்னு டிரைவரை மாத்திட்டேங்க. இன்னுமா லேட்டு?" என்று கேட்டவர், உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார்.

அதில் ஒவ்வொரு டெலிவரி சலானிலும் எங்கள் கேட்டில் குத்திய சீல் இருந்தது. எல்லாம் செவ்வாய்க்கிழமை, சொன்ன நாளிலேயே. என் போனில் சாஃப்ட்வேரைத் திறந்து அதே சரக்குகளைத் தேடினேன். எல்லாம் சனிக்கிழமை.

வால்வு செய்ய வரும் இரும்பு வார்ப்புகளை உடனே பதிந்துவிடுவேன், உற்பத்திக்காரர்கள் காத்திருப்பார்கள் என்பதால். பெட்டியை யாரும் கேட்பதில்லை. அதன் சலான்களை ஒரு கிளிப்பில் சேர்த்துவைத்து, சனிக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் பதிவேன். நான் பதிந்த நாள்தான் சரக்கு வந்த நாள் என்று சாஃப்ட்வேர் நம்பியிருக்கிறது.

"எங்கங்க தப்பு?" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன். பார்த்து முடித்திருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காகப் பதிந்தால் சிவப்பு தானாகவே பச்சையாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று வழியில் யோசித்தேன். அதற்குள் ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிருக்கும். இது வழியில் ஒரு கோயிலைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். "லேட் அவங்க இல்ல சார். நான்."

விளக்கிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "மூணு மாசமாவா?"

"அதுக்கு முன்னாடியும் அப்படித்தான் சார். அப்ப டிவி இல்ல."

அவர் திட்டவில்லை. ஆர்டரை நிறுத்தவேண்டாம் என்று பர்ச்சேஸுக்குச் சொன்னார். பிறகு சாஃப்ட்வேர்காரர்களுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை டிவியில் புதிதாக ஒரு வரிசை இருந்தது: கேட்டுக்கு வந்த நாளுக்கும் ஸ்டோர்ஸ் பதிந்த நாளுக்கும் உள்ள இடைவெளி. நல்ல சிவப்பு. சராசரி என்பது மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் இரண்டு மாதம் அப்படியே இருந்தது. மீட்டிங்கில் எல்லோரும் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னை.

அந்த அம்மாவிடமும் போனில் உண்மையைச் சொன்னேன். "அந்த டிரைவர்ட்ட யாருங்க சொல்றது?" என்றார்.

அந்த டிரைவர் இப்போது திருக்கோகர்ணத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவதாகத் தெரிந்தது. தேடிப் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க. கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க, புள்ளைக ஏறணும்" என்றார்.

நகர்ந்து நின்றேன். பிள்ளைகள் ஏறினார்கள். வேன் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.