கொள்ளிடக்கரை விளக்கு

சத்தியமாக நடந்தது இது. மாமியாருக்கே பயப்படாதவள் பேய்க்கா பயப்படுவேன் என்று சொல்லித் திரிந்தவள் நான். போன மாசி வரைக்கும்.

திருச்சியில் கிரிமினல் வக்கீல் நான். மனைவி தேவதர்ஷினியைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக என் கட்சிக்காரன் அஜித் மேல் கேஸ். ஸ்ரீரங்கம் கொள்ளிடக்கரையில் நடந்தது. பார்த்த சாட்சி ஒரே ஆள், இட்லிக்கடை ராக்கம்மாள்.

"இருட்டுல முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"கம்பத்துல லைட் எரிஞ்சுதும்மா. ஆனா அது..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அந்த விளக்கு அன்று எரியவே இல்லை என்று லைன்மேன் பிச்சமுத்துவை வைத்து நிரூபித்தேன். சந்தேகத்தின் பலன் அஜித்துக்கு. விடுதலை. ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது. அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

கோர்ட் வாசலில் ராக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவை வந்து பாருங்கம்மா."

மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே போனேன்.

மணி ஏழு. கரையில் ஆளில்லை. ராக்கம்மாள் நின்றதாகச் சொன்ன அதே இடத்தில் நின்றேன். கம்பம் முப்பதடி தள்ளி. கும்மிருட்டு. நான் வாதாடியது சரிதான் என்று திரும்பினேன்.

நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

டிக்...

விளக்கு எரிந்தது.

அடியில் அஜித். அவன் கைகளுக்குள் ஒரு பெண்ணின் கழுத்து. வளையல் உடையும் சத்தம்... அவள் தாடை மச்சம்கூடத் தெரிந்தது.

கத்தினேன்.

இருட்டு.

யாருமில்லை.

ஆனால் அவள் தேவதர்ஷினி இல்லை. கேஸ் கட்டில் தேவதர்ஷினியின் போட்டோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! இது வேறு முகம்.

மறுநாள் பிச்சமுத்துவுக்கு போன் போட்டேன். "அந்த லைட்டைச் சரி பண்ணிட்டீங்களா?"

"எந்த லைட்டு மேடம்? கொலை நடந்த மறுவாரமே ஒயரைக் கழட்டிட்டோமே."

இந்தத் திங்கட்கிழமை ஸ்வீட் பாக்ஸோடு ஆபீசுக்கு வந்தான் அஜித். "நீங்க குடுத்த மறுவாழ்வு மேடம். வெள்ளிக்கிழமை கல்யாணம்." பின்னால் நின்ற பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். பேர் சுபஸ்ரீயாம்.

நிமிர்ந்தாள்.

தாடையில் மச்சம்.

கரையில் பார்த்த அதே முகம். அவளைத் தனியே கூப்பிட்டேன். "இந்தக் கல்யாணம் வேண்டாம்மா."

சிரித்தாள். "நீங்கதானே மேடம் அவர் நிரபராதின்னு வாதாடுனீங்க? இப்ப எதைப் பாத்துட்டு இப்படிச் சொல்றீங்க?"

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்ன ராக்கம்மாளைப் பொய்ச்சாட்சி ஆக்கியவளே நான்தான்.

இன்று வியாழக்கிழமை.