கரிசலுக்குள் ஒலித்த செல்போன்

எங்கள் தெருவில் டவர் கிடைக்காது. ஊருக்குக் கிழக்கே இருந்த எங்கள் புஞ்சையில், வேப்ப மரத்தை ஒட்டி நின்றால் இரண்டு கட்டை காட்டும். அதனால்தான் அந்தச் சித்திரை மத்தியானத்தில் அங்கே போய் நின்றேன். உரக் கம்பெனி ஒன்றிலிருந்து எனக்குப் போன் வர வேண்டும். வேனில் ஊர் ஊராகப் போய் மண் பரிசோதிக்கிற வேலை. விருதுநகரில் நேரில் பார்த்தபோது, "செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிடுவோம். எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். சிவகாசிப் பக்கம் கெமிஸ்ட்ரி படித்தவனைப் பார்த்தால், "எந்தப் பட்டாசு ஆபீஸ்ல?" என்றுதான் கேட்பார்கள். அம்மாவும் அக்காவும் ஏற்கெனவே பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வேனில் நானும் ஏறிவிடக் கூடாது என்பதில் என்னைவிட அக்காதான் பிடிவாதமாக இருந்தாள். செல்போனே அவள் போனஸில் வாங்கிக் கொடுத்ததுதான்.

மரத்தடியில் அய்யா, காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த பருத்திமாரை விறகுக்காகக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். போன் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று நான் அவருக்குக் கோடை உழவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மாசியில் ஒரு மழை பெய்தபோதே உழச் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை. புஞ்சை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"இந்த வெடிப்பு வழியாத்தான் அடி ஈரமெல்லாம் ஆவியாப் போகுது அய்யா. மேல் மண்ணை உழுது புழுதியாக்கிட்டா வெடிப்பு மூடிக்கிடும். எம்புட்டு ஆழம்னு பாருங்க" என்று ஒரு பருத்திமாரை எடுத்து வெடிப்புக்குள் விட்டேன். இன்னும் கொஞ்சம் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த செல்போன் நழுவி, இரண்டு தடவை முட்டி, உள்ளே போய்விட்டது.

அய்யா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "எம்புட்டு ஆழம்னு இப்பத் தெரிஞ்சு போச்சா?" என்றார்.

கையை விட்டேன். தோள்வரை போயும் எட்டவில்லை. பக்கத்துப் புஞ்சையிலிருந்து மாமா ஒருவர் குடத்தோடு ஓடி வந்தார். "தண்ணிய ஊத்துலே, மெதந்து வந்துரும்!"

"கரிசல்ல தண்ணி பட்டா உப்பி வாயை மூடிக்கிடும் மாமா. செல்லும் நனைஞ்சிரும்."

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றவர், குடத்துத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனியில் ஏதோ செக்கிங் என்று அன்று அக்காவுக்கு லீவு. விஷயம் காதுக்குப் போனதும் அவள் ஒரு டப்பாவில் மைதாப் பசையோடு வந்தாள். வெடிக்குத் தாள் சுற்றுகிறவர்களுக்குப் பசைமேல் அப்படியொரு நம்பிக்கை. பருத்திமார் நுனியில் அப்பி உள்ளே விட்டாள். ஒவ்வொரு தடவையும் மண்தான் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இருலே, மண்ணெல்லாம் மேல வந்துட்டா செல்லு மட்டுந்தானே மிஞ்சும்" என்றாள்.

மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அய்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இன்னைக்கு ஊத்தும்" என்று கையைக் கூப்பினார். "இப்ப வேண்டாம்னு வேண்டிக்கோங்க அய்யா!" என்று கத்தினேன். "ஒனக்காக ஊரே காயணுமாலே?" என்றார். ஆனாலும் கடப்பாறையை எடுத்தவர் அவர்தான். வெடிப்பை ஒட்டிக் கல் மாதிரி இறுகிக் கிடந்த பாளங்களைப் பெயர்த்து, ஒரு ஆள் தலைகீழாக இறங்குகிற அளவுக்கு வாய் வைத்தார். அவரும் அக்காவும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொள்ள, நான் இறங்கினேன்.

விரல் நுனி செல்லில் பட்டது. அது குறுக்காகச் சிக்கியிருந்தது, அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பச்சைப் பட்டனை அமுக்க மட்டும் முடிந்தது. காதை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவுக்குக் கொண்டுபோனேன்.

"சார்! நான்தான் சார்!"

"என்ன, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு?"

"புஞ்சையில இருக்கேன் சார்!"

"சரி. உங்க பக்கத்து மண்ணைப் பத்திச் சொல்லுங்க."

மூக்குக்கு நேரே அதுதான் இருந்தது. "கரிசல் சார்! மேல ரெண்டு முழத்துக்குப் பாளமா வெடிச்சிருக்கு. அதுக்குக் கீழ கை வச்சா சில்லுனு ஈரம். ஈரத்துக்குள்ள வெள்ளை வெள்ளையாச் சுண்ணாம்புக் கட்டி."

"புத்தகத்தைப் பாத்து வாசிக்கிறீங்களா?"

"இல்ல சார், மண்ணைப் பாத்து!"

மேலே அய்யா, "கை வழுக்குதுலே, சட்டுனு முடி!" என்று சத்தம் போட்டார். ஆமாம், அக்கா கையெல்லாம் பசை, அவர் கையெல்லாம் வேர்வை.

"யாருங்க அது?"

"எங்க அய்யா சார். காலைப் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். பிறகு, "திங்கக்கிழமை வந்து சேந்துக்கங்க. ஆர்டர் தபால்ல வரும்" என்று கேட்டது. அதோடு முதுகில் முதல் சொட்டு விழுந்தது. என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். செல்லுக்காக மறுபடி இறங்குவதற்குள் மழை கொட்டிவிட்டது. கரைந்த மண் குழிக்குள் இறங்கியது. அய்யா நனைந்துகொண்டே வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அக்கா குழியைப் பார்த்தாள். "இனி ஒன் நம்பருக்கு அடிச்சாக் கரிசல்தாம்லே எடுக்கும்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். பசைக் கையாலேயே என் தலையைக் கோதிவிட்டாள். பசை போக ரொம்ப நேரம் தேய்த்துக் குளித்தேன்.

அடுத்த மாசியில் ஒரு மழை விழுந்த மறுநாள், உரக் கம்பெனி வேனில் வெளியூர் சுற்றிவிட்டு வந்தேன். புஞ்சையில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அய்யா வரப்பில் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"நீ சொன்னதுக்காக ஒண்ணும் உழுகலைலே. இன்னொரு செல்லு உள்ள போச்சுன்னா ஒங்க அக்கா என்னைய உசுரோட விட மாட்டா."