பழுப்புச் செம்பருத்தி

எங்கள் வீட்டில் யார் மிக்சர் டப்பாவைத் திறந்தாலும் முதலில் மோப்பம் பிடிப்பவள் நான்தான். ஒன்பது வயதிலேயே அப்படியொரு சந்தேகப் புத்தி. அப்பா வரைந்த பூக்களிலும் ஏதோ சூது இருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

செம்பாக்கத்தில் குடியிருந்தோம். அப்பா தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயில் ஓட்டினார். பள்ளி ஓவியப் போட்டிக்கு முந்தைய ஞாயிறு, எவர்சில்வர் சொம்பில் செம்பருத்தியும் சாமந்தியும் செருகி, எனக்காக வரைந்து காட்டினார். கோடெல்லாம் அற்புதம். வண்ணம்தான் வயிற்றெரிச்சல். செம்பருத்தி மங்கிய பழுப்பு, இலையும் கிட்டத்தட்ட அதே பழுப்பு, சாமந்தி அழுக்கு மஞ்சள். மழையில் நனைந்த காலண்டர் மாதிரி இருந்தது.

"என்னப்பா, பூ சிவப்புல்ல?"

"சிவப்புதானேம்மா போட்டிருக்கேன்" என்றார்.

பொய்! அண்ணனும் அதே போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். அவன் ஜெயிக்கத்தான் இந்தச் சதி. அம்மாவிடம் புகார் சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு அதை பீரோவுக்குள் வைத்தாள். "இத யார்கிட்டயும் காட்டாத, கேட்டியா?" ஓகோ, அம்மாவும் கூட்டு!

விடுவேனா? மறுநாள் சாயங்காலம் பீரோவிலிருந்து படத்தை எடுத்துச் சுருட்டிக்கொண்டு நேரே கீழ்வீட்டு அங்கிளிடம் போனேன். அவரும் ரயில் ஓட்டுபவர், அப்பாவோடு வேலையில் சேர்ந்தவர். நியாயம் சொல்வார்.

"அப்பா இத சிவப்புன்னு சாதிக்கிறாரு அங்கிள். வேணும்னே தப்பா சொல்லிக் குடுக்குறாரு."

அவர் வெகுநேரம் பார்த்தார். "இலை இன்னா கலருன்னாரு?"

"பச்சையாம்!"

அன்றே மாடியேறி வந்தார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "வேலை போச்சுன்னா நாங்க என்னண்ணா பண்றது?"

அங்கிள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், இத்தினி நாள் கண் டெஸ்ட்ல எப்படியோ தப்பிச்சிட்ட, இப்ப நீயே போய் சொல்லிடுடா. சிக்னல் சிவப்பா பச்சையான்னு தெரியாம எப்படி வண்டி எடுப்ப? பின்னாடி அத்தனை பேர் உக்காந்துகினு வராங்க."

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. வசமாக மாட்டினார் என்று எனக்கு ஒரே கும்மாளம்.

கண் பரிசோதனை முடிந்ததும் அப்பாவை ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அவர் வண்டி ஓட்டவே இல்லை. தினமும் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். எங்கப்பாவுக்கு இனிமேல் நைட் டூட்டி கிடையாது என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் வேறு யாரும் ஏன் சந்தோஷப்படவில்லை என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய சந்தேகம்.