பஞ்சுக்கால் மாமா

என் அப்பாவுக்குச் சித்தன்னவாசல் குன்று சொந்த வீடு மாதிரி. இலுப்பூரில் பிறந்தவர் வேறு எப்படி இருப்பார்? நான் மூன்றாம் வகுப்பு முடித்த லீவில் அம்மாவின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது, குன்றைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமா வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர். அப்பாவோ எங்கள் வீட்டு மாடிப்படியிலேயே நடுவில் நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் அன்றைக்கு வழிகாட்டி அப்பாதான்.

அடிவாரத்திலேயே முதல் உத்தரவு போட்டார். மேலே சமணத் துறவிகள் படுத்துறங்கிய கல் படுக்கைகள் இருக்கின்றன, அதனால் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். வந்திருந்தவர்களில் வேறு யாரும் கழற்றியதாகத் தெரியவில்லை.

"வர்றப்ப கல்லு சுடுமேங்க" என்றாள் அம்மா. அப்பா முறைத்தார். மாமா முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் விட்டார். கொஞ்சம் ஏறியதும், "தண்ணி பாட்டில விட்டுட்டேன் மச்சான், நீங்க போய்க்கிட்டே இருங்க" என்று கீழே போய், புடைத்த பையோடு திரும்பி வந்தார்.

மேலே அப்பா பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கதை, பாதி அவரே கட்டியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

இறங்கக் காலை வைத்தால் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. என் தம்பி அலறினான். நான் காலை மாற்றி மாற்றிக் குதித்தேன். அப்பா மாமனார் வீட்டு ஆள் முன்னால் மானம் போகிறதே என்று முகம் கறுத்துப்போய், மாமா என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றார்.

மாமா பையைத் திறந்தார். உள்ளே எல்லோருடைய செருப்பும் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். எனக்குச் சூடு கொஞ்சமும் ஆகாது, காலு பொத்துப் போயிரும். என்னோடத மட்டும் எடுத்தா நல்லா இருக்காதேன்னு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

அப்பாவுக்கு உயிர் வந்தது. "மாப்ளைக்கு முடியலைன்னா என்ன பண்றது? எல்லாரும் போட்டுக்கங்க" என்று பெரிய மனது பண்ணி, தன் செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டார். அம்மா ஏனோ வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

வீடு வரும்வரை மாமாவைப் 'பஞ்சுக்கால் மாமா' என்று கேலி செய்துகொண்டே வந்தேன். அப்பா அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டார். "விடியக்காலையிலயே ஏறி, வெயிலுக்கு முன்னாடி எறங்கிரணும். செருப்போடதான். மாப்ளைக்குத் தாங்காதுல்ல."

"ஆமா மச்சான்" என்றார் மாமா.

சாயங்காலம் மாமா கால் நீட்டிப் படுத்திருந்தபோது அவர் பாதத்தைப் பார்த்தேன். தடித்து, வெடித்து, விறகுக்கட்டை போல இருந்தது. வெள்ளியங்கிரியை வருடா வருடம் வெறுங்காலோடு ஏறி இறங்கிய பாதம் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரே ஒரு மத்தியான வெயில் பஞ்சுக்காலை இந்தப் பாடு படுத்திவிட்டதே என்று அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினேன். மாமா இன்னொரு காலையும் நீட்டினார்.