பகல் பதினொரு மணிக்கு நான்கு ஆண்கள்

நான் அசடு என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பெரிய அசடு என்பது எனக்கே போன புதன்கிழமைதான் தெரிந்தது. ஒரு சாவு வீட்டில், பத்து நிமிஷத்தில் நாலு ஆம்பளைகளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காலை பதினொரு மணிக்கு... திருவொற்றியூரில்!

எதிர்வீட்டு ஆறுமுகம் முந்தின நாள் இறந்துபோனார். கட்டுமரக்காரர். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் எடுத்துவிட வேண்டும். மகன் இல்லை, கொள்ளிச்சட்டி தூக்க மருமகன் வந்துவிட்டான். பாடை தூக்கத்தான் ஆளில்லை. கைவண்டி பேசலாமே என்று யாரோ சொல்ல, அவர் மனைவி குப்பம்மாக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். தெருவில் செத்தவர்களில் பாதிப் பேரைச் சுமந்த தோள் அது. அந்த மனுஷன் வண்டியில் போவதா?

நியாயம்தானே?

முதல் வீட்டில் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கம்பெனி சங்கு ஊதினப்புறம் ஆம்பளைய தேடினு வர்றியே நைனா... ஊருக்குப் புச்சா நீ?"

அடுத்த வீட்டுக்காரன் ஹார்பரில். அதற்கடுத்தவனுக்கு மத்தியான ஷிப்ட்தான். ஓவர்டைம் என்று விடியற்காலையே போய்விட்டானாம். நாலாவது வீட்டில் கணீரென்று ஓர் ஆண் குரல். ஆசையோடு எட்டிப் பார்த்தேன் — ரேடியோ.

ஆக, பட்டப்பகலில் தெருவில் சும்மா திரிகிற ஒரே ஆண் நான்தான். என் மனைவி இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. ஆண்கள் அத்தனை பேரும் கரையில் நிற்பார்கள். கம்பெனிச் சங்கு அப்படியா? யார் செத்தாலும் நேரத்துக்கு ஊதுகிறது. குறை சொல்லவில்லை — அது வந்த பிறகுதான் புயல் மாதத்திலும் இங்கே அடுப்பு எரிகிறது. ஆனால் ஆண்கள் மூன்று ஷிப்ட்டாகப் பிரிந்துபோனார்கள். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துக்கொள்வதே கம்பெனி கேட்டில்தான்.

கடைசியாக, தெருக்கோடி மாடியில் வாடகைக்கு இருக்கும் வெளியூர்க்காரர்களிடம் போனேன். நைட் ஷிப்ட் முடித்து, பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பவே கூச்சமாக இருந்தது. ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் நெல்லூர், ஒருவர் பாலக்காடு. விஷயத்தைச் சொன்னேன். செத்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார்கள்.

நாலாவது ஆள்? வேறு வழி... நான்தான்.

அங்கேயும் என் அசட்டுத்தனம் விட்டதா? மூவரையும் தெருவிலேயே நிறுத்திவிட்டு, நான் மட்டும் உள்ளே போனேன். குப்பம்மாக்கா புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மென்று விழுங்கிச் சொன்னேன்: மூன்று பேரும் நம் குப்பத்து ஆட்கள் இல்லை, என்ன ஜாதியோ தெரியாது, ஒருவருக்குத் தமிழே தகராறு, ஆறுமுகத்தின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை; என்னையும் சேர்த்தால் பாடை ஒரு பக்கம் சாயும். உனக்குச் சம்மதமா அக்கா?

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தோளு கீதில்ல? வரச் சொல்லு."