தராசில் தெரியாத சதை

எங்கள் நைனாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று தராசு, இன்னொன்று பத்தியம். இரண்டும் சேர்ந்து அவரைக் கொன்றுவிடப் பார்த்தன.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அவருக்கு ஈரல் கெட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சாராயத்தை விட்டாயிற்று, ஆனாலும் கெட்டது கெட்டதுதான். மஞ்சள் காமாலை வந்தபோது யாரோ சொன்ன பத்தியத்தை, காமாலை இறங்கிய பிறகும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மோர்க்கஞ்சி, வேகவைத்த காய். மீன் கூடவே கூடாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில், கூரை முதல் கோணி வரை மீன் வாடை அடிக்கிற வீட்டில், மீன் பிடித்துப் பிழைக்கிற மனுஷர் மீன் குழம்பைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கேட்டால் பசிக்கவில்லை என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கையும் தொடையும் சூம்பிக்கொண்டே போயின. வயிறு மட்டும் முன்னால் வந்தது. அம்மா புலம்பினால், இறால் வாங்கும் டிப்போவுக்குப் போய்ப் பெரிய தராசில் ஏறி நின்றுவிட்டு வருவார்.

"எட கொறையவே இல்லமே. கொஞ்சம் ஏறிக்கூட கீது. சும்மா கெட" என்பார்.

ஆழமில்லாத எங்கள் ஏரியில் கழி ஊன்றித்தான் படகு தள்ள வேண்டும். ஒருநாள் முழங்கால் தண்ணீரில் கழியை ஊன்ற முடியாமல் விழுந்தார். உள்ளே புற்று வைத்திருக்கும் என்று குப்பத்தில் என் காதுபடவே பேசினார்கள். அன்று நான் போட்ட சண்டையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

சித்தப்பா கழி ஊன்ற, நைனாவை வலைமேல் படுக்கவைத்து ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் வந்த புதுசு. நைனாவைப் படுக்கவைத்து ஒரு வளையத்துக்குள் தள்ளினார்கள். அம்மா வாசலில் நின்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "கட்டி எதுவும் இல்லை" என்றார் முதலில். நான் அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவர் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் பென்சிலால் கோடிழுத்து, ஸ்கேல் வைத்து அளந்தார்.

"இது சதை. ரொம்பக் கரைஞ்சு போயிருக்கு. வயித்துல இருக்கிறதெல்லாம் தண்ணி. தராசு அதையும் சேத்துத்தான் காட்டும்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். எடை ஏற்றுவதற்காக இறாலைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால், கையில் எடுத்தவுடனே சொல்லிவிடுகிறவர் அவர். அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஊராங்க எறால்ல தண்ணி கீதுனு கண்டுபுடிப்ப. உன் வயித்துல கீறது தெர்ல?"

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்க, அம்மா பத்தியத்தைச் சொன்னாள். டாக்டரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏரிக்கரையில இருந்துக்கிட்டு மீன் சாப்பிடலையா? பட்டினி கிடந்துதான் சதை இவ்வளவு கரைஞ்சிருக்கு. உப்பைக் குறைங்க, கருவாடு வேண்டாம். மீன், முட்டை, பருப்பு நல்லா சாப்பிடணும். தண்ணி வடிய மாத்திரை தர்றேன்."

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அம்மா ஓவென்று அழுதாள். துக்கமில்லை, நிம்மதி. இத்தனை நாள் பக்கத்திலேயே துள்ளிக்கொண்டிருந்ததுதான் மருந்து.

மறுநாளே மடவை மீன் அடுப்பேறியது, உப்பு பேருக்குத்தான். நைனா முதல் வாயைக் கஷாயம் மாதிரி விழுங்கினார். அம்மா எதிரிலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்னவைத்தாள்.

மழைக்காலம் கழிந்து மறுபடி படம் எடுத்தார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி அளந்த டாக்டரம்மா, "ஈரல் பழையபடி ஆகாது. ஆனா சதை திரும்பி வந்திருக்கு" என்று சிரித்தார். எனக்குப் படம் ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

திரும்பும்போது ஏரியில் சித்தப்பாவின் கையிலிருந்து நைனா கழியைப் பிடுங்கினார். "உக்காருய்யா, உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று அம்மா கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. ஊன்றினார், படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம்தான். மூச்சு வாங்கவே கழியைக் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பசிக்குதுமே" என்றார். "ஊட்ல இன்னா மீனு?"