அழகாக வந்துவிட்ட படம்

சூரியோதயத்தைப் படமெடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் இந்த வெறுப்பை அனுபவத்தோடு சொல்கிறேன். தஞ்சாவூரில் ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்குச் சர்க்கரை வரும், இல்லாவிட்டால் பக்தி வரும். எனக்குச் சர்க்கரையோடு கேமராவும் வந்தது.

"இதுல என்னதான் சுகம்?" என்று மனைவி கேட்பாள். அலுவலகத்தில் என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் கேட்பதாகப் பாவனைகூடச் செய்வதில்லை. கேமராவில் கண்ணை வைத்தால் மட்டும் எல்லாம் நான் சொன்னபடி நடக்கிறது. பிடிக்காததை அரை அடி நகர்ந்து படத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். மின்கம்பம், கட்சிக்கொடி, கல்யாண ஃப்ளெக்ஸில் சிரிக்கும் தாய்மாமன்கள், எல்லோரும் ஒழிந்தார்கள்.

போன தை மாதம், அறுவடைக்கு நின்ற சம்பா மேல் மழை கொட்டி ஓய்ந்ததும், இருட்டோடு கிளம்பித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை பயிர் படுத்துக் கிடந்தது. தேங்கிய தண்ணீரில் ஆரஞ்சு வானம். பைக்கை ரோட்டோரம் விட்டு இறங்கி, வரப்பில் குந்தி, கேமராவைத் தண்ணீருக்குச் சற்று மேலே தாழ்த்தி எடுத்தேன். அப்படி ஒரு படம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"சார், ஆபீஸ்லேர்ந்தா?"

சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். வயல் அவருடையது.

"நேத்து நஷ்டம் பாக்க வந்தவரு ரோட்லயே நின்னு போட்டோ புடிச்சிட்டுப் போயிட்டாரு. அங்க மேடு, பயிரு நிக்கும். உள்ள வாங்கன்னா ஷூ நனையுமாம். நீங்களாச்சும் எறங்குனீங்களே."

"ஆபீஸ் இல்லைங்கம்மா. சும்மா, ஆசைக்கு எடுக்குறேன்."

"ஆசைக்கா? எம் பயிரு படுத்துக் கெடக்குறதப் பாக்க ஒங்களுக்கு ஆசையா? காட்டுங்க அத."

காட்டினேன். அழகைக் கண்டால் மனசு இளகும் என்று எங்கோ படித்திருந்தேன். எழுதியவரை யாரும் இப்படி வரப்பில் நிறுத்திக் கேட்டிருக்க மாட்டார்கள்.

திரையை உற்றுப் பார்த்தார். "இதுல பயிரு நல்லாத்தானே இருக்கு!"

"வெளிச்சம் அப்படி அமைஞ்சிருக்கு..."

"அமையும்யா. நீங்க ஃபேஸ்புக்ல போடுவீங்க. 'ஒங்க ஊரு தகதகன்னுல்ல இருக்கு, நஷ்டம் எங்கம்மா'ன்னு ஆபீஸ்ல ஒருத்தன் கேப்பான். மாதா மேல சத்தியமா கேப்பான். நிவாரணம் நீங்க தருவீங்களா? அழிங்க."

"அது என்னோட படம்மா."

"இது என்னோட வயலுய்யா."

அவர் கையில் என் பைக் சாவி தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன், கலைஞன் அல்லவா. அழித்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, வீடு எழுபது கிலோமீட்டர்.

"அடுத்தது?"

கொக்கு. "கொக்குக்கு என்ன கொற? அழிங்க." கதிர்நுனியில் நீர்த்துளி. "இது என்ன, நகைக்கடை விளம்பரமா?" அழித்தேன். மனைவி மூன்றாவது படத்திலேயே குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள். என் படங்களை இத்தனை கவனமாக ஒருவர் பார்த்தது அன்றுதான், அதுவும் கொல்வதற்காக.

கடைசியாக ஒன்று வந்தது. வரப்பில் வழுக்கியபோது விரல் பட்டுத் தானாக விழுந்தது. கோணல், பாதி கலங்கல். சேற்றில் புதைந்த என் கால், பக்கத்தில் தண்ணீரில் ஊறி வெள்ளையாய் முளைவிட்ட நெற்கதிர்.

"இருங்க, இருங்க. இத அழிக்காதீங்க. மொள தெரியுது பாருங்க. இது இனி அரிசிக்கு ஆவுமா, நீங்களே சொல்லுங்க. இத எம் போனுக்கு அனுப்புங்க, அந்த ஆபீஸரு மூஞ்சில காட்டணும்."

என் கேமராவிலிருந்து போனுக்கு அனுப்ப முடியாது என்றேன். இவ்வளவு பெரிசு வைத்துக்கொண்டு அதுகூட இல்லையா என்பதுபோல் பார்த்துவிட்டு, தன் போனை எடுத்துக் கேமராத் திரையையே படம் பிடிக்க ஆரம்பித்தார். போன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூலையில் அவர் கட்டைவிரல் வேறு. என்னால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் நேராப் புடிங்கம்மா, வெளிச்சம் அடிக்குது."

"ஒங்க லட்சணத்தத்தான் பாத்தேனே," என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆடாம புடிங்க, போதும்."